பத்தொன்பதாம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. பயத்தில் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் பயம் கூடுகிறது. வேறு உயர்ந்த காரணம் ஏதாவது சொன்னேன் என்றால் நம்பாதீர்கள்.

இது பிறந்தது ஓர் அறிக்கையிலிருந்து. அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இறங்குகிற வழியில், ரப்பர் கையுறை செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. (அதன் பெயரை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். ஊரில் எல்லோரும் கம்பெனி என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.) ரப்பர் பால் டாங்கர் லாரியில் உள்ளே போகும். டாக்டர்கள் மாட்டிக்கொள்ளும் வெள்ளைக் கையுறைகள் பெட்டிகளில் வெளியே வந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும். வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி ஒரு சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை வெளியிடும். எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு சுத்தம் செய்து விட்டோம், அக்கம்பக்கத்தாருக்கு என்ன செய்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலத்தில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ் அறிக்கையை எழுதியவள் நான். கடைசிப் பக்கத்தின் அடியில் 'தமிழாக்கம்: ஸ்ரீகுமாரி' என்று பொடி எழுத்தில் இருக்கும். பாறசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் ஊருக்கு நான் டீச்சர்.

இந்த வருட அறிக்கையின் பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு படம். கம்பெனி மதிலை ஒட்டி மரவள்ளியும் வாழையும் போட்டிருக்கிற நேசமணி அண்ணன், தன் கிணற்றடியில் நின்று ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் குடிக்கிறார். தம்ளருக்குள் வெயில் மின்னுகிறது. படத்தின் கீழே என் வரி: 'கம்பெனிச் சுவருக்கும் இந்தக் கிணற்றுக்கும் நாற்பது அடி தூரம். நேசமணி தினமும் குடிப்பது இந்த நீரைத்தான்.'

அந்த வரியில் பொய் இல்லை. அவர் தினமும் அதைத்தான் குடித்தார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பிரசீதா தன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதுவும் வாயால் அல்ல, ஒரு பாட்டிலால்.'

அழகாக இருந்ததால் அடித்தேன். அழகான வரிகளை இப்போது நான் நம்புவதில்லை.

அடுத்தது: 'அந்த மார்ச் மாதத்தில் வெயில் வழக்கத்தைவிட' என்று தொடங்கி அங்கேயே நிறுத்திவிட்டேன். வெயிலின் மேல் பழி போடப் பார்க்கிறேன் என்று தெரிந்தது.

ஆகவே நடந்ததை நடந்தபடி.

பிரசீதாவுக்கு முப்பத்தொரு வயது. வேதியியல் படித்தவள். கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கணவன் மோகனன் அதே கம்பெனியில், அச்சுகளை ரப்பர் பாலில் முக்கியெடுக்கும் பிரிவில் இருக்கிறான். கம்பெனியைச் சுற்றி எட்டு வீட்டுக் கிணறுகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை அவள் எட்டுக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் எண் ஒட்டி, சோதித்து, தாளில் கையெழுத்துப் போடவேண்டும். மூன்றாம் எண் மேட்டில் இருக்கிறது. ஏழாம் எண் பள்ளத்தில். அதுதான் நேசமணி அண்ணன் கிணறு.

மார்ச்சில் ஏழாம் எண்ணில் நைட்ரேட் லிட்டருக்கு நூற்று அறுபது மில்லிகிராம் வந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. பாட்டிலை நன்றாகக் கழுவாமல் விட்டோமோ என்று நினைத்து மறுபடி எடுத்தாள். நூற்று அறுபத்திரண்டு.

பின்னால் என்னிடம் சொன்னாள்: "எனக்கு அப்பமே காரணம் தெரியும் டீச்சரே. ரப்பர் பால் கெடாம இருக்க அம்மோனியா சேப்பாவ. அது கழிவு வெள்ளத்தில வரும். கம்பெனிக் கழிவுக் குளத்துக்கு அடியில விரிச்ச கறுப்புத் தாள் கிழிஞ்சு போச்சு. மண்ணில எறங்கி நைட்ரேட்டா மாறுது. கண்ணுக்கும் தெரியாது, மணமும் இல்ல, ருசியும் இல்ல."

(இந்த ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். அறிக்கையில் எங்கும் நான் அந்தச் சொல்லைப் போடவில்லை. 'நீர்' என்றுதான் எழுதினேன். படிக்க மரியாதையாக இருக்கும் என்று.)

3

சதாசிவன் சாரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா ஒரு வில்லனைத் தேடுகிறது. முதல் வரைவில் அவருக்குத் தடித்த மோதிரம் ஒன்று போட்டுவிட்டேன். அவர் மோதிரம் போடுவதில்லை. அதை எடுத்துவிட்டேன்.

அவர் கம்பெனியின் மேலாளர். அவர் வருவதற்கு முன்பு அந்த வழியாகப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். ஓடையில் வெள்ளை வெள்ளையாக நுரை மிதக்கும். அவர் வந்த பிறகு சுத்திகரிப்பு நிலையம் கட்டினார், ஓடையைத் தூர்வாரினார், கிணறுகளுக்கு எண் கொடுத்துச் சோதிக்கிற வழக்கத்தையே அவர்தான் கொண்டுவந்தார். நல்ல பெயர் வந்தது. அந்தப் பெயரைப் பார்த்து ஒரு ஐரோப்பியக் கம்பெனி பெரிய ஆர்டர் கொடுத்தது. ஆர்டருக்காக மூன்றாவது உற்பத்தி வரிசை வைத்தார்கள். கழிவுநீர்க் குளம் மட்டும் பழையபடி இரண்டு வரிசைக்கான அளவிலேயே இருந்தது.

இதைக் கவனியுங்கள், ஏனென்றால் நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. குளம் நிறைந்து கசிந்தது கம்பெனி மோசமாக நடந்துகொண்டதால் அல்ல. நன்றாக நடந்துகொண்டது என்று பெயரெடுத்ததால். அந்தப் பெயரை அச்சடித்தவர்களில் நானும் ஒருத்தி.

பிரசீதா தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவர் ஏழாம் வரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குளத்தை இறைச்சு தாளு மாத்தணும்னா மூணு மாசம் லைனை நிறுத்தணும் மோளே. ரெண்டு வாரத்தில ஐரோப்பாலேருந்து ஆடிட்டுக்கு ஆளு வருது. ஆடிட்டு கழியட்டும். மழைக்கு முந்தி நான் குளத்தைச் செரியாக்கித் தாறேன்."

"அப்ப இந்தத் தாளு சார்?"

"ஏழாம் நம்பர் நல்லதா வரணும்."

அவ்வளவுதான் சொன்னார். எப்படி என்று அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. மறுநாள் மேட்டுக் கிணற்றில் இரண்டு பாட்டில் நிரப்பினாள். ஒன்றில் மூன்று என்று ஒட்டினாள். மற்றதில் ஏழு.

ஆடிட்டர்கள் வந்தார்கள், மகிழ்ந்தார்கள், போனார்கள். படம் எடுக்கிறவர் வந்து நேசமணி அண்ணன் கையில் தம்ளரைக் கொடுத்தார். அறிக்கை அச்சாயிற்று. மழைக்கு முன் ஆர்டர் இன்னும் கூடியது. குளத்தை யாரும் தொடவில்லை. ஏப்ரலிலும் அவள் ஏழாம் பாட்டிலை மேட்டிலேயே நிரப்பினாள். மே மாதமும். பிறகு அது வழக்கமாகிவிட்டது. பள்ளத்துக்கு இறங்கிப் போகவேண்டிய நடையும் மிச்சம்.

(கடைசி வாக்கியத்தைப் பிரசீதா படித்துவிட்டு, "அது சத்தியமாக்கும், ஆனா வாசிக்கச்செல உடம்பு கூசுது" என்றாள். எடுத்துவிடவா என்று கேட்டேன். "வேண்டாம், கெடக்கட்டும்.")

4

ஜூலையில் நேசமணி அண்ணனின் மகள் ஷிஜி பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. ஷிஜியின் புருஷன் வளைகுடாவில் இருக்கிறான். அவளுடைய தாய் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. அப்பாவும் மகளும் அந்தச் சின்ன உயிருமாக வீட்டில் மூன்று பேர்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனிக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் கிணறுகளைப் பார்க்கவேண்டும் என்று கேட்டதால், பிரசீதா அவரைக் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினாள். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் முறை. கிணற்றடிக் கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஷிஜி ஒரு புட்டியில் பால்பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி திரும்பிப் போனதும் பிரசீதா அடுக்களை வாசலுக்கு ஓடினாள்.

"ஷிஜி, பிள்ளைக்கு நீ குடுக்கிற பாலு..."

"என்ன செய்ய அக்கா, எனக்குப் பாலு போதாது. டாக்டர்தான் பொடி எழுதித் தந்தது."

"வெள்ளம்?"

"கிணத்து வெள்ளந்தான். சும்மா இல்ல கேட்டியளா, இருவது நிமிசம் நல்லா திளப்பிச்சாக்கும் எடுக்கது. எனக்கு அதில பயம் உண்டு."

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப்போக, மிச்சமுள்ளதில் அது இன்னும் கூடும். அந்தப் பெண் பயந்து பயந்து, பொறுப்பாக, அடுப்பின் பக்கத்திலேயே நின்று, தன் பிள்ளைக்கான விஷத்தைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. புட்டிப்பால் குடிக்கிற பச்சைக்குழந்தையின் இரத்தம் மட்டும் காற்றைச் சுமக்க முடியாமல் போகும். உதடு நீலமாகும். பிரசீதா இதைக் கல்லூரியில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

"இந்த வெள்ளம் குடுக்காண்டாம் ஷிஜி. கடையில கேன் வாங்கு. நான் சொல்லது கேளு."

"அதென்னத்துக்கு?"

பிரசீதாவால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. தாளில் இருப்பது அவள் கையெழுத்து. ஷிஜி சிரித்தபடி அவளை உள்ளே கூப்பிட்டு, முன்னறைச் சுவரைக் காட்டினாள். பத்தொன்பதாம் பக்கத்தை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் நேசமணி அண்ணன். வெயில் மின்னும் தம்ளர். கீழே என் வரி.

"கம்பெனி புக்கிலயே போட்டிருக்கு அக்கா. டீச்சர் எழுதினது."

5

அன்று மாலை நாலரை மணிக்குப் பிரசீதா என் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நான் அப்போதுதான் வந்திருந்தேன்.

'அவள் தேம்பித் தேம்பி அழுதாள்' என்று முதலில் எழுதினேன்.

"நான் அழல்ல டீச்சரே, அத வெட்டுங்க" என்றாள் படித்தபோது. "அழுதிருந்தா நீங்க அன்னைக்கே கூட வந்திருப்பிய."

சரிதான். அவள் அழவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சோதனை முடிவு வாசிக்கிற மாதிரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மார்ச், நூற்று அறுபது, இரண்டு பாட்டில், ஷிஜியின் அடுப்பு. பிறகு சொன்னாள்: "நான் சொன்னா நம்ப மாட்டாவ. உங்க எழுத்தையாக்கும் அவ்விய நம்புகது. நீங்க வந்து அது பொய்யின்னு சொல்லணும்."

இந்த இடத்தில் கதையை எப்படி எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதியும் பார்த்தேன். அந்த வரைவில் நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைக்கூடப் பூட்டாமல் அவளோடு இறங்கி ஓடுகிறேன். படிக்க நன்றாக இருந்தது. அது நடக்கவில்லை.

நடந்தது இது. நான் அவளுக்குச் சாயா போட்டுக் கொடுத்தேன். "அவசரப்படாண்டாம், முதல்ல சதாசிவன் சாரிட்ட ஒரு வார்த்தை கேப்போம்" என்றேன். போன் செய்தேன். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "திங்கக்கிழமை முதல் அந்த வீட்டுக்குக் கேன் வெள்ளம் போவும் டீச்சரே, காரணமொண்ணும் பறையாண்டாம், நான் ஏற்பாடாக்கிக்கொள்ளாம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. திங்கட்கிழமைக்கு முன் இரண்டு நாள் இருந்தன. பச்சைக்குழந்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பால் குடிக்கும்.

எதற்குப் பயந்தேன்? யோசித்துப் பார்க்கிறேன். கம்பெனி வழக்குப் போடும் என்றா? கொஞ்சம். முந்நூறு பேர் வேலை போய்விடும், அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள் என்றா? அதுவும் உண்டு. ஆனால் அடியில் கிடந்த பயம் வேறு. நேசமணி அண்ணன் முகத்தைப் பார்த்து, 'நான் எழுதியதை நம்பாதீர்கள்' என்று சொல்லவேண்டும். வாழ்நாள் முழுக்க எழுதியதை நம்பச் சொல்லியே பிழைத்தவள் நான்.

6

சனிக்கிழமை மழை. நான் விடைத்தாள் திருத்தினேன். சனிக்கிழமை பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரசீதா ஆட்டோவோடு என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "நான் போறேன் டீச்சரே. வந்தா வாருங்க" என்றாள். போனேன்.

நேசமணி அண்ணன் கோவிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாருங்க டீச்சரே, இரியுங்க, வெள்ளம் குடிக்கியளா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் ஷிஜி உள்ளேயிருந்து குழந்தையோடு வந்தாள்.

"அப்பா, இவளைக் கொஞ்சம் பாருங்க. காலம்பற முதல் ஒரு மாதிரி கெடக்கா. அழக்கூட மாட்டேங்கா. குளுராக்கும்னு துணி சுத்தினேன்."

துணிக்குள் அந்த முகத்தைப் பார்த்தேன். உதடும் மூக்கு நுனியும் நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தன. விரல் நகங்களும்.

பிரசீதா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்துவிட்டாள். "ஏறு ஷிஜி. மாமா, நீங்களும் ஏறுங்க. கேக்காண்டாம், ஏறுங்க." நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் ஷிஜி குழந்தையின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "மக்கா, எலே மக்கா, கண்ணத் தொற" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்தார். நிறம் மாறவில்லை. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது குறையா, ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று நர்ஸிடம் சொல்லத் தொடங்கினார்.

"டாக்டரே." பிரசீதாவின் குரல் அந்த அறைக்குப் பொருந்தாத உயரத்தில் வந்தது. "இதயம் இல்ல. அந்தக் கிணத்தில நைட்ரேட் உண்டு. நூத்தி அறுபதுக்கு மேல. அந்த வெள்ளத்திலயாக்கும் பாலு கலக்கினது. நான் கம்பெனி லேப்ல உள்ளதாக்கும். நான்தான் டெஸ்ட் செய்தது."

டாக்டரம்மா அவளை ஒரு வினாடி பார்த்தார். பிறகு குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை வெள்ளைத் தாளில் விட்டார். சிவப்பாக இல்லை. காபித்தூள் நிறம். காற்றுப் பட்டுச் சிவக்கிறதா என்று ஊதிப் பார்த்தார், அசைத்தார். நிறம் மாறவில்லை. அடுத்த நிமிடம் ஆம்புலன்ஸுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போன் பறந்தது. என்ன மருந்து வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி எடுத்துவைக்கச் சொன்னார். இதயம் என்று நினைத்து ஸ்கேனுக்குக் காத்திருந்தால் நேரம் போதாமல் போயிருக்கும் என்று பின்னால் சொன்னார்.

ஆம்புலன்ஸில் தாய்க்கு மட்டும்தான் இடம். வண்டி போன பிறகு ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் மூன்று பேர் நின்றோம்.

நேசமணி அண்ணன் பிரசீதாவிடம் கேட்டார்: "எப்பம் தொட்டாக்கும் உனக்குத் தெரியும்?"

"மார்ச்."

அவர் தலையை ஆட்டினார், ஏதோ விலை கேட்டுத் தெரிந்துகொண்டவர் போல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சருக்கு?"

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டுவதாக எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஒரு பஸ் வந்தது, திருவனந்தபுரம் போர்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

7

குழந்தை பிழைத்தது. இதை உடனே சொல்லிவிடுகிறேன். இதை வைத்து உங்களைப் பதறவைக்கிற உரிமை எனக்கு இல்லை. மூன்றாம் நாள் உதடு சிவந்தது. பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். ஷிஜியின் புருஷனுடைய ஊருக்கு, பூவார்ப் பக்கம். அப்பாவின் வீட்டுக்கு அவள் வரவில்லை.

அந்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை சதாசிவன் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். போகும்போது பிரசீதா கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளே அவளுடைய சொந்த நோட்டுப் புத்தகம். மார்ச்சில் வந்த உண்மையான எண்களையும், பிறகு மாதாமாதம் பாட்டில் மாற்றிய தேதிகளையும் அதில் குறித்து வைத்திருந்தாள். ஏன் குறித்தாய் என்று கேட்டேன். "தெரியல்ல. எங்கேயாவது ஒரு இடத்தில சத்தியம் கெடக்கணுமில்லியா?" என்றாள்.

அவர் அறையில் அலமாரி நிறையக் கேடயங்கள். அவர் சவரம் செய்திருக்கவில்லை.

"நான் கள்ளன் இல்ல டீச்சரே" என்றுதான் தொடங்கினார். "இந்தக் கம்பெனி நாறிட்டுக் கெடந்தப்ப வந்தவனாக்கும் நான். நல்லது செய்தா ஆர்டர் வரும், லாபம் வரும்னு முதலாளிமாரிட்ட பறைஞ்சு பறைஞ்சு நம்ப வச்சேன். வந்துது. அவ்விய நம்பிட்டாவ. இப்பம் நல்லது செய்தா ஆர்டர் போவும். இத நான் அவ்வியள்ட்ட எப்படிப் பறைய?"

"அப்ப லாபம் வரும்னுதான் நல்லது செய்திய?" என்று கேட்டாள் பிரசீதா. கேட்ட பிறகு அவளே பயந்துவிட்டாள். கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து குளம் தெரியும்.

"முதல்ல இல்ல" என்றார். "முதல்ல, ஓடையில மீன் செத்துக் கெடந்தது கண்டு செய்தேன். பிறகு எப்பமோ மாறிப்போச்சு. எப்பம்னு எனக்குத் தெரியல்ல."

பிறகு நோட்டைக் கேட்டார். அவள் கொடுத்தாள். அதைப் பார்த்து ஐரோப்பியக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஏழாம் கிணற்றின் மார்ச் எண்கள், ஆறு மாதம் பாட்டில் மாறிய விவரம், குழந்தை. பாட்டிலை மாற்றியது யார் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பிரசீதா, "அது நானாக்கும் சார்" என்றாள். "உன் பேரும் உண்டு, ரெண்டாவதா" என்றார். ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்பினார். முதலாளிமாருக்கு ஒரு நகல் போயிற்று. அன்று மாலையே மூன்றாம் வரிசையை நிறுத்தினார்.

நூற்றுப்பத்துப் பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். மோகனன் அவர்களில் ஒருவன். அவன் பிரசீதாவோடு பேசுவதில்லை. அவள் ஏறினால் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது. யாரோ அவள் வீட்டுக் கேட்டில் ஒரு கையுறையை ஊதி, கட்டி, தொங்கவிட்டிருந்தார்கள். ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு நின்றது. அவளே அதை அவிழ்த்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. இதுவரை.

8

மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை. இதை எழுதும் இன்று பதினோராவது நாள். கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே என்று மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் பதில் வருகிறது: 'உண்மையைச் சொன்னதற்கு நன்றி, புதிய குளத்துக்கு நாங்களும் உதவுகிறோம்.' எல்லோரும் வேலைக்குத் திரும்புகிறார்கள். இப்படியும் நடக்கக்கூடும். இதை எழுதும்போது என் கையெழுத்து அறிக்கைக் கையெழுத்தாக மாறுவதைக் கண்டு நிறுத்தினேன்.

இரண்டாவதில் ஆர்டர் போகிறது, கேட்டைப் பூட்டுகிறார்கள். இறைப்பதற்கு ஆளில்லாத குளம் மழையில் நிறைந்து, கசிந்து, எட்டாம் கிணற்றைத் தாண்டி, எண் இல்லாத கிணறுகளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பூட்டுப் போட்டால் மண்ணுக்குக் கேட்குமா? இதை முடிக்கவில்லை.

மூன்றாவதில் ஒன்றுமே நடப்பதில்லை. சதாசிவன் சாரின் இடத்தில் வேறொருவர். அடுத்த வருடம் புதிய அறிக்கை, பத்தொன்பதாம் பக்கத்தில் வேறொரு படம். எனக்கு மிகவும் பயம் இதற்குத்தான். அந்தப் பக்கத்தை எவ்வளவு நன்றாக எழுதலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

9

நேற்று சதாசிவன் சார் போன் செய்தார். பள்ளத்தில் இருக்கிற நாற்பத்தொரு வீட்டுக்கும் தமிழில் ஓர் அறிவிப்பு வேண்டும், நானே எழுதவேண்டும் என்றார். முதலாளிமார் சம்மதித்தார்களா என்று கேட்டேன். "கேக்கல்ல. இந்த நாற்காலியில நான் இருக்கும்போதே அது போவணும்" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். 'நிலத்தடி நீரின் தரநிலைகளில் காணப்பட்டுள்ள மாறுபாட்டைக் கருத்தில் கொண்டு, முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக' என்று ஓடியது. பக்கத்தில் இருந்த பிரசீதா எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு பாசையாக்கும்?"

தாளைக் கசக்கினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இந்தக் கிணத்து வெள்ளத்தைக் குஞ்சு பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க. திளப்பிச்சும் கொடுக்காதீங்க. கர்ப்பிணிகளும் குடிக்காதீங்க. கம்பெனிக் குளம் கசிஞ்சு வெள்ளம் கெட்டுப்போச்சு. மார்ச் மாசமே கம்பெனிக்குத் தெரியும். சொல்லாதது தப்பு.' கடைசி இரண்டு வாக்கியங்களைச் சதாசிவன் சார் இரண்டாவது முறையும் வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் இதுவரை எழுதியவற்றில் மிகச் சின்னது அதுதான்.

தபாலில் போடலாம் என்றேன். பிரசீதா கேட்கவில்லை. "கையில குடுக்கணும். கேக்கதுக்கு எல்லாம் பதிலும் சொல்லணும்" என்றாள்.

இன்று மதியம் மூன்று மணிக்கு இறங்கினோம். முதல் வீடு ஓமனக்குட்டியுடையது. அவருடைய மகன் மூன்றாம் வரிசையில் வேலை பார்த்தவன். மருமகளுக்கு இது ஏழாம் மாதம். முற்றத்தில் ஒரு பைக் நின்றது. மகன் வீட்டில்தான் இருக்கிறான். பிரசீதா ஓர் அறிவிப்புத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவைத் தட்டினாள்.

"ஆராக்கும்?"

"நான் பிரசீதா. கம்பெனி லேப்ல உள்ள பிரசீதாவாக்கும். ஒரு காரியம் சொல்லணும்."

உள்ளே பேச்சு நின்றது. நாற்காலி நகர்ந்தது. காலடிகள். அவை மெதுவாக வருகின்றனவா வேகமாக வருகின்றனவா என்று சொல்லத் தெரியவில்லை.

இங்கே நிறுத்துகிறேன். கதவுக்குப் பின்னால் இருப்பவரை நான் எழுதினால், ஒன்று நல்லவராக்கிவிடுவேன், இல்லை கெட்டவராக்கிவிடுவேன். அந்த மாதிரி வேலைகளை நான் போதுமான அளவு செய்துவிட்டேன். உள்ளே இருப்பது நீங்கள். உங்களுக்கு வேலை போயிருக்கிறது, வீட்டில் ஒரு பிள்ளை வரப்போகிறது, வெளியே நிற்பவள் ஆறு மாதம் தெரிந்தும் வாய் திறக்காதவள். தாழ்ப்பாளில் உங்கள் கை இருக்கிறது.

அவள் வெயிலில் நிற்கிறாள்.